மலையிலிருந்து இறங்கிய துப்பு

எங்கள் அம்மாவுக்கும் பெரியம்மாவுக்கும் நடுவில் ஒரு மலை இருந்தது. அம்மாவின் அக்காவான பெரியம்மா அடிவாரத்தில், காரவள்ளியில், ஓட்டு வீட்டில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அம்மா மேலே அரியூர் நாட்டில், அப்பா குத்தகைக்குப் பிடித்த மிளகுத் தோட்டத்தில், புல் வேய்ந்த வீட்டில் கிடந்தாள். வெள்ளைக்காரன் காலத்தில் கொல்லிமலைக்கு ரோடு ஏது, பஸ் ஏது? கல்லும் வேருமாகக் கிடந்த ஒற்றையடிப் பாதையில் ஏறி இறங்கினால்தான் உண்டு. இந்த வயதில் அந்தப் பாதையை நினைத்தாலே முழங்கால் வலிக்கிறது.

அடிவாரத்துக்காரர்கள் மலைக்கு வரமாட்டார்கள். வந்தால் குளிர்காய்ச்சல் பிடித்துக்கொள்ளும் என்று பயம். பயத்தில் பொய்யில்லை. அம்மாவுக்கு ஒருநாள் விட்டு ஒருநாள் வரும். வந்த நாளில் வீட்டிலிருக்கிற கம்பளி, சாக்கு எல்லாவற்றையும் போட்டு மூடினாலும் பல் கிட்டி நடுங்குவாள். வராத நாளில் எழுந்து சாமை குத்தி, களி கிண்டி, மிளகு உதிர்த்து, நேற்றைய வேலையையும் சேர்த்துச் செய்வாள். அம்மாவின் முகம் என்றால் எனக்கு அந்த அசதிதான் நினைவுக்கு வருகிறது. காய்ச்சலில் போனவர்கள் அக்கம்பக்கத்தில் நிறைய. தங்கையும் அப்படிப் போய்விடுவாளோ என்று பெரியம்மாவுக்குக் கீழே தூக்கம் கிடையாது.

இந்த இரண்டு பேரையும் சேர்த்துவைத்தது கொலை. பயந்துவிடாதீர்கள், புத்தகத்தில் நடக்கிற கொலைதான்.

பெரியப்பாவின் தம்பி சேலத்தில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தார். ஊருக்கு வரும்போதெல்லாம் துப்பறியும் நாவல் ஒன்றை வேட்டி மடிப்பில் வைத்துக்கொண்டு வருவார். அவர் படித்துவிட்டுப் பெரியம்மாவிடம் கொடுப்பார். பெரியம்மா படித்துவிட்டு மலைக்கு அனுப்புவாள். எங்கள் அப்புச்சி, அதாவது அம்மாவின் அப்பா, ஊரார் பேச்சையெல்லாம் காதில் வாங்காமல் இரண்டு பெண்களையும் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியதன் பலன் இது. ஒருத்தியும் கலெக்டர் ஆகவில்லை. இரண்டு பேரும் கொலைகாரனைத் தேடிக்கொண்டிருந்தார்கள்.

கைகழுவத் தண்ணீர் ஊற்றும்போது அண்ணிக்கும் கொழுந்தனுக்கும் இதே பேச்சுதான்.

"எது வரைக்கும் ஆச்சுங்க அண்ணி? ஆரு மேல சந்தேகம்?"

"அந்த டாக்டரு மேலதான் தம்பி. அவம் பேச்சே நல்லால்லே."

"அப்படியா நெனைக்கறீங்க!" என்று சொல்லிவிட்டு, முடிவு தெரிந்தவர் விஷமமாகச் சிரித்துக்கொண்டு சோற்றுக்கு உட்காருவார். பெரியப்பாவுக்கு எழுத்து வாசனை கிடையாது. சேலத்தில் யாரோ ஒரு டாக்டரைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டு அவர் பாட்டுக்குச் சாப்பிடுவார்.

பெரியம்மா புத்தகத்தை முழுதாக அனுப்பமாட்டாள். தையலைப் பிரித்து, கடைசிப் பகுதியை மட்டும் தனியே எடுத்து, ராகி மாவுப் பானைக்குள் ஒளித்துவைப்பாள். கொலை செய்தது யார் என்று அம்மா சொல்லியனுப்ப வேண்டும். சொன்ன பிறகுதான் முடிவு மேலே வரும். அம்மா சொன்னது ஒருமுறைகூடச் சரியாக இருந்ததாக எனக்கு நினைவில்லை. பெரியம்மாவுக்கு அதைப் பற்றிக் கவலையே கிடையாது. "ஒரு பேரு வந்துச்சுன்னா அவ எந்திரிச்சு உக்காந்திருக்கறான்னு தெரிஞ்சுக்குவேன், அது போதும்" என்று என்னிடமே சொல்லியிருக்கிறாள்.

அந்தப் பெயரைக் கீழே கொண்டுபோனவர் சடையண்ணன். மலையிலேயே பிறந்து வளர்ந்த குடியானவர். மிளகையும் பலாப்பழத்தையும் சுமந்து இறங்குவார், உப்பைச் சுமந்து ஏறுவார். புத்தகம் உப்புக்கூடையில் வரும். மலைக்காரர்களிடம் ஒரு முறை உண்டு. அடுத்த வீட்டுப் பெண்பிள்ளைக்குச் சேதி கொண்டுபோனால் அவளிடம் தனியாகப் போய்ச் சொல்லக்கூடாது. வாசலில் சுமையை இறக்கி, தலைத்துண்டை அவிழ்த்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வீட்டு ஆண்பிள்ளைகள் காதில் விழும்படி உரக்கச் சொல்ல வேண்டும். சொன்னதைச் சொன்னபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல். சடையண்ணன் இந்த முறையிலிருந்து இம்மியும் பிசகமாட்டார். "மளிகைக் கடைக்காரந்தான் திருடன்னு மேலூட்டு அம்மிணி சொல்லச் சொன்னாங்கோ" என்று அவர் வாசலில் நின்று முழங்கும்போது பெரியப்பா வெற்றிலை மென்றுகொண்டே தலையாட்டுவாராம். மலையில் இருக்கிறவர்களுக்கு மளிகைக் கடைமேல் என்ன கோபமோ என்று விட்டுவிடுவார்.

நான் சொல்ல வந்தது மிளகு பறிக்கிற ஒரு காலத்தில் நடந்தது. அந்தத் தடவை வந்த புத்தகத்தில் ஒரு ஜமீன் வீடு. கிழவர் ராத்திரி பால் குடித்துவிட்டுப் படுக்கிறார், காலையில் எழுந்திருக்கவில்லை. பாலில் விஷம். கலந்தது கெட்ட சகவாசம் உள்ள சின்ன மகனா, மூத்த மருமகளா, மூக்குக்கண்ணாடி போட்ட கணக்குப்பிள்ளையா? அம்மா அடுப்பில் ஒரு கண்ணும் புத்தகத்தில் ஒரு கண்ணுமாகப் படித்தாள். அவள் தோளுக்குப் பின்னால் நின்று நானும் எழுத்துக்கூட்டிப் படித்தேன்.

பாதி படிப்பதற்குள் கீழே பெரியப்பாவின் அப்பா இறந்துபோனார். வயதானவர், தூக்கத்திலேயே போய்விட்டார். அப்பா போய்விட்டு வந்தார். அம்மாவால் எழுந்திருக்க முடியவில்லை. காய்ச்சல் இந்த முறை நாள்விட்டு வராமல் விடாமலே அடித்தது. காய்ச்சலுக்குக் கீழே தபாலாபீசில் விற்கிற கொயினா மருந்துப் பொட்டலம் வாங்கிவரப் பெரியம்மாவிடம்தான் போக வேண்டும். அப்பாவால் பறிப்பை விட்டு நகர முடியாது. அதனால் சடையண்ணனோடு என்னை அனுப்பினார்கள்.

கிளம்பும்போது அம்மா கம்பளிக்குள்ளிருந்து தலையை நீட்டி, "ஏனுங்க சடையண்ணா, அக்காகிட்டச் சொல்லீருங்க. பால்ல வெசம் வெச்சது சின்ன மகந்தான்" என்றாள். அக்காவுக்குத் தான் உயிரோடிருப்பதைத் தெரிவிக்க வேண்டும், அவ்வளவுதான் அவளுக்கு. பால் குடித்துவிட்டுப் படுத்த ஒரு கிழவர் செத்துப்போன வீட்டுக்கே அந்தச் சேதி போகிறது என்பது காய்ச்சல் மண்டைக்கு எட்டவில்லை. சடையண்ணன் உதட்டுக்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். எனக்குப் பெரியம்மா வீட்டு முறுக்கு நினைப்பு.

கருமாதிக்கு வந்த உறவுக்காரர்கள் இன்னும் கலையாமல் வாசல் பந்தலில் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் பெரியப்பா. பக்கத்தில் அவருடைய தம்பி, மழித்த தலையோடு. தூணோரம் பெரியப்பாவின் அக்கா. அவளுக்குப் பெரியம்மாவைக் கண்டால் ஆகாது என்பது எனக்கே தெரியும். நாங்கள் போனதும் பெரியம்மா கதவோரம் வந்து நின்று என்னைப் பார்த்துச் சிரித்தாள். சடையண்ணன் சுமையை இறக்கினார். துண்டை அவிழ்த்தார்.

"பால்ல வெசம் வெச்சது சின்ன மகந்தான்னு மேலூட்டு அம்மிணி சொல்லச் சொன்னாங்கோ!"

எனக்கு ஒன்றும் புரியவில்லை. பெரியப்பா எழுந்து வந்து என் கையைப் பிடித்து, "உங்கொம்மா இப்படிச் சொன்னாளா?" என்று கேட்டார். "ஆமாங்க பெரியப்பா" என்றேன். சொன்னாள்தானே!

அவ்வளவுதான், தூணோரம் இருந்தவள் பிடித்துக்கொண்டாள். "நாந்தான் அன்னைக்கே சொன்னனே! படுக்கப் போறப்ப எங்கப்பன் கல்லாட்டம் நல்லா இருந்தாரே! தெனமும் பாலு குடுக்கறது ஆரு? அன்னைக்குக் குடுத்தது ஆரு? தங்கச்சிக்காரிக்குத் தெரிஞ்சிருக்குது, நமக்குத்தான் தெரியல. தம்பி பேரைச் சொல்லித் தப்பிக்கப் பாக்கறாங்கடா!"

எல்லாத் தலைகளும் கதவுப் பக்கம் திரும்பின. கிழவருக்குத் தினமும் பால் கொடுத்தது பெரியம்மாதான். அந்த வீட்டின் மூத்த மருமகள் அவள்.

"அய்யோ சாமி, அது கதைங்க" என்றாள் பெரியம்மா. "பொஸ்தகத்துல வாரதுங்க. தங்கச்சி அதைத்தான் சொல்லி உட்டிருக்கறா."

"கதையா? எங்கே, கொண்டா பாக்கலாம். வெசம் வெச்சது ஆருன்னு போட்டிருக்குதோ அதை இங்கயே படி. நாங்களும் கேக்கறம்."

பெரியம்மா உள்ளே போய் ராகிப் பானைக்குள் கையை விட்டாள். வெளியே வரும்போது கையெல்லாம் மாவு. மாமனார் இருந்தவரையில் அந்த வாசலில் அவள் குரல் கேட்டதில்லை. அன்று அத்தனை ஆண்பிள்ளைகள் முன்னால் நின்று படித்தாள். துப்பறிகிறவர் எல்லோரையும் கூடத்தில் உட்காரவைக்கிறார், ஒவ்வொருவராகப் பார்க்கிறார். குரல் நன்றாகத்தான் வந்துகொண்டிருந்தது. பெயர் வருகிற இடத்தில் நின்றுவிட்டது. முகமெல்லாம் வேர்வை. முந்தானையால் துடைத்துக்கொண்டு, "பாலில் விஷம் கலந்தது... கணக்குப்பிள்ளை" என்று படித்தாள்.

"அவ படிக்கறது நெசமோ பொய்யோ, நமக்கென்ன தெரியும்?" என்றாள் பெரியப்பாவின் அக்கா. "டேய் தம்பி, நீ வாங்கிப் படி."

தம்பி எழுந்துபோய் அந்தத் தாள்களை வாங்கிக்கொண்டார். பெரியம்மா தரையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். அவர் ஏற்கெனவே படித்த புத்தகம்தான். ஆனாலும் முதல்முறை பார்க்கிறவரைப்போல வெகுநேரம் பார்த்தார். பெரியப்பாகூடப் பொறுமையிழந்து கனைத்தார். பிறகு தம்பி உரத்த குரலில், தடுமாறாமல் படித்தார். "பாலில் விஷம் கலந்தது கணக்குப்பிள்ளை." நிமிர்ந்து, "அண்ணி சரியாத்தான் படிச்சாங்க அக்கா" என்றார்.

பந்தலில் மூச்சு வந்தது. "இந்தக் கணக்கப்பிள்ளைகளே இப்படித்தான்யா" என்று ஒரு பெரியவர் தன் அனுபவத்தைச் சொல்ல ஆரம்பித்தார். ஆளாளுக்கு அந்தக் கணக்குப்பிள்ளையை வைது தீர்த்தார்கள். பெரியப்பாவின் அக்கா மட்டும் பெரியம்மாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். சடையண்ணனுக்குத்தான் தாங்கவில்லை. "அப்ப ஆருமே சாவுலீங்களா? இத்தன காலமா நாஞ் சொமந்து வந்து சொன்னதெல்லாம் பொய்யிங்களா?" என்று ஒவ்வொருவரிடமும் போய்க் கேட்டார். செத்தவர்களுக்காக அவர் வழிநெடுக வருத்தப்பட்டிருக்கிறார், பாவம்.

பெரியப்பா கடைசியில் ஒரு வார்த்தை சொன்னார். "இனிமே இந்த ஊட்டுக்குள்ள பொஸ்தகம் வரப்படாது. மலைக்கும் போகப்படாது." தம்பி சரி என்று தலையசைத்தார். பெரியம்மா உள்ளே போய்விட்டாள்.

மறுநாள் கொயினாப் பொட்டலத்தை என் பாவாடை மடியில் கட்டிவிட்டாள். அதைச் சுற்றியிருந்தது அந்தக் கடைசித் தாள்கள்தான். "இதை அம்மா கையில குடுத்துரு கண்ணு. வேற ஆருகிட்டயும் குடுக்காத" என்றாள். முறுக்கும் கொடுத்தாள். என் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

பாதி மலையில் சுனையோரம் சடையண்ணன் சுமையை இறக்கி உட்கார்ந்தபோது நான் தாள்களைப் பிரித்துப் படித்தேன். அச்சில் இருந்தது கணக்குப்பிள்ளை இல்லை. மூத்த மருமகள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகக் கூட்டினேன். மூத்த மருமகளேதான். சேலத்தில் வேலை பார்க்கிற பெரிய மனிதருக்கும் பெரியம்மாவுக்கும் இந்தச் சின்னச் சொல்லைப் படிக்கத் தெரியவில்லையே என்று எனக்கு ஒரே பெருமை. இரண்டு பேருமே ஒரே மாதிரித் தப்புச் செய்ததுதான் வேடிக்கை. மீதி மலையை ஓடாத குறையாக ஏறினேன்.

அம்மா எழுந்து உட்கார்ந்திருந்தாள். கீழே நடந்ததை எல்லாம் ஒன்றுவிடாமல் நடித்துக் காட்டினேன். கணக்குப்பிள்ளை என்று இரண்டு பேரும் படித்த இடத்தைச் சொல்லிவிட்டு, "தப்புத் தப்பாப் படிக்கறாங்கம்மா!" என்று தாளை நீட்டினேன். அம்மா வாங்கிப் படித்தாள். அந்த இடத்தையே திரும்பத் திரும்பப் படித்தாள். சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன்.

"படிக்கறப்ப அக்கா கை நடுங்குச்சா?" என்று கேட்டாள்.

"தெரியலைம்மா. வேர்த்து ஊத்துச்சு."

அப்பா தோட்டத்திலிருந்து மிளகுக்கூடையோடு வந்ததும் அம்மா எழுந்து நின்றாள். சுவரைப் பிடித்துக்கொண்டுதான் நிற்க முடிந்தது. "நாளைக்கே போயி அக்காளை மேல கூட்டியாந்துருங்க. கொஞ்ச நாளைக்கு எங்கூட இருக்கட்டும்" என்றாள்.

அப்பா சிரித்துவிட்டார். "காய்ச்சல் தலைக்கேறிப் போச்சா உனக்கு? ஓட்டு ஊட்டுல சவுக்கியமா இருக்கறவளை இந்தக் காய்ச்சக் காட்டுக்கு ஆராச்சும் கூப்புடுவாங்களா?" அப்பா சொன்ன விதத்தில் எனக்கும் சிரிப்பு வந்தது. சேர்ந்து சிரித்தேன்.

"காய்ச்சலுக்காச்சும் கொயினா இருக்குதுங்க. அந்த ஊட்டுக்கு ஏதுங்க மருந்து?" என்று சொல்லிவிட்டு அம்மா அழ ஆரம்பித்தாள். மருந்துதான் வந்துவிட்டதே, இன்னும் எதற்கு அழுகிறாள் என்று எனக்குக் கோபமாக வந்தது.