அக்காள் கழற்றிய முதல் நட்டு

மார்த்தாண்டத்தில் இரண்டு லேத்து ஓடுகிற பட்டறை. கடியப்பட்டணத்தில் மாடி வீடு. மூன்று பிள்ளைகளுக்கும் பட்டப்படிப்பு. இந்தக் கடற்கரையில் எத்தனை விசைப்படகுக்கு இன்ஜின் இறக்கி ஏற்றினேன் என்று எனக்கே கணக்கு இல்லை. இவையெல்லாம் நானாக உண்டாக்கியவை. யாரும் தூக்கித் தந்ததல்ல. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன் நான். ஆனாலும் ஓடுகிற இன்ஜின் பக்கத்தில் நின்று காதைக் கொடுத்தால் எந்த சிலிண்டரில் என்ன நோய் என்று சொல்லிவிடுவேன். கல்லூரியில் படித்தவர்கள் என் பட்டறை வாசலில் நின்று சந்தேகம் கேட்டுப் போயிருக்கிறார்கள். பெருமைக்காகச் சொல்லவில்லை, நடந்ததைச் சொல்கிறேன். இப்படிப்பட்ட நான் வாயை மூடிக்கொண்டு நின்றது ஒரே ஒருவர் முன்னால். அவர் என் அக்காள். அவர் நம்மை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு.

அக்காள் கடியப்பட்டணத்தில் பிறந்தார். ஐந்து பிள்ளைகளில் மூத்தவர், நான் கடைக்குட்டி. அப்பா கட்டுமரத்தில் போனவர், ஒருநாள் திரும்பவில்லை. அன்று முதல் மீன் கூடை அக்காளின் தலைக்கு வந்தது. விடியும் முன்னே எழுந்து ஊர் ஊராக நடந்து விற்றார். லாரிப் பட்டறையில் என்னைக் கொண்டுபோய் விட்டதும் அவரே. "கையி நிக்காத பய, ஏதாவது ஒண்ணக் கழத்திக்கிட்டே இருப்பான், இங்கயே கெடக்கட்டு" என்று முதலாளியிடம் சொன்னார். கொண்டு விட்டது அக்காள். தொழிலைப் படித்தது நான். இரண்டும் வேறு வேறு.

அத்தான் தம் கையால் பலகை தேர்ந்து ஒரு மரப் படகு கட்டினார். அயனி மரம், நல்ல அகலம், எந்தக் காற்றிலும் மூக்கை இறக்காது. அத்தான் மாரடைப்பில் போனபோது, படகை விற்றுவிட்டு வீட்டோடு இருக்கும்படி எல்லாரும் அக்காளுக்குச் சொன்னார்கள். அவர் கேட்கவில்லை. ஏலம் போடுகிற இடத்தில் ஆண்களுக்கு நடுவே போய் நின்றார். அவர் படகில் வேலைக்குப் போன எவரும் பங்கு குறைந்தது என்று குறை சொன்னதில்லை. காய்ச்சலில் கிடந்தவன் வீட்டுக்கும் மீன் போகும். துபாயில் இருக்கும் அவர் மகன், என் மருமகன், நல்ல பிள்ளைதான். ஆனால் அவனும், "அம்மா, பழைய படகு, உடைக்கக் குடுத்துருவோம்" என்று போனில் சொல்லிக்கொண்டே இருந்தான்.

மூன்று மீன்பிடித் தடைக்காலத்துக்கு முன்னால் அந்தப் படகின் இன்ஜின் செத்தது. பழைய லாரி இன்ஜின், எத்தனை முறை பிரித்து மாட்டியதோ. மருமகனும் அக்காளிடம் ஒரு கெடு வைத்தான். தடை நீங்கிக் கடலுக்குப் போகிற முதல் வாரத்துக்குள் படகு ஓட வேண்டும், இல்லையென்றால் உடைக்கிற ஆளை வரச் சொல்வான். அக்காளும் சரி என்றுவிட்டார். அத்தான் கட்டிய படகு விறகாகப் போவதா, தண்ணீரில் நிற்பதா என்பது என் கைக்கு வந்தது.

அக்காள் பட்டறைக்கே வந்தார். "இன்ஜின மட்டும் மாத்தித் தாலே" என்றார்.

"எக்கா, இன்ஜின மட்டும் மாத்துனா காளைக்குப் பதிலா குதிரையைப் பூட்டி, பழைய வண்டியிலயே ஓட்டுக மாதிரி. கியர் பாக்ஸு, சாப்டு, பின்னால சுத்துக விசிறி, எல்லாம் மாத்தணும்."

"எல்லாத்தையும் மாத்துனா படகு எங்கலே இருக்கு?"

"பலகை இருக்குல்லா."

சிரித்துவிட்டார். "செரி, பலகைய மட்டும் வச்சுக்கிட்டு மத்ததெல்லாம் மாத்து" என்றார்.

படகைத் துறைமுகத்தில் கரையேற்றினோம். மேல்தட்டைப் பிரித்து, மரக்கால் மூன்று நட்டு, செயின் பிளாக் கட்டிப் பழைய இன்ஜினை வெளியே எடுத்தேன். விசிறியைச் சுழற்றுகிற இரும்புத் தண்டான சாப்டு உப்பில் இறுகிப்போய் நாலு நாள் வரவில்லை. சூடு காட்டி, அடித்து, ஐந்தாம் நாள் உருவினேன். இன்ஜின் உட்காருகிற கட்டைகள் உளுத்திருந்தன. புதிதாக அயனியில் செதுக்கினேன். கடலுக்கென்றே செய்த புது இன்ஜின், அதற்கேற்ற கியர் பாக்ஸ், புது சாப்டு, புது விசிறி. கியர் பாக்ஸின் வட்டத் தகடும் சாப்டின் வட்டத் தகடும் முகத்தோடு முகம் இம்மியும் பிசகாமல் சேர வேண்டும். எட்டு போல்ட்டுப் போட்டு இறுக்குகிற இடம் அது. மெல்லிய தகடு நுழைத்துச் சுற்றிலும் பார்த்தேன். ஒரு பக்கமும் இடைவெளி இல்லை. அந்த வேலையை இந்த ஜில்லாவில் வேறு யாரும் அப்படிச் செய்ய மாட்டார்கள் என்று அன்றும் சொன்னேன், இன்றும் சொல்கிறேன்.

இனிச் சொல்லப் போவதை இதுவரை யாருக்கும் சொன்னதில்லை. அக்காளும் சொன்னதில்லை.

எங்கள் படகுகளில் ஒரு வழக்கம் உண்டு. பங்குத்தந்தை வந்து இன்ஜினை மந்திரித்துத் தீர்த்தம் தெளித்துவிட்டால், முதல் மீன் கரைக்கு வருகிறவரை அதன்மேல் ஸ்பேனர் வைக்க மாட்டார்கள். வைத்தால் படகுக்கு ஆகாது. அதனால் படகைத் தண்ணீரில் இறக்கி, எல்லாம் சரிபார்த்த பிறகுதான் மந்திரிப்பார்கள். நான் கரையிலேயே மந்திரிக்கச் சொன்னேன். கரையில் இருந்தால்தானே ஊர் முழுக்க வந்து பார்க்கும். தண்ணீரில் இறங்கிவிட்டால் என் வேலையை யார் பார்ப்பது? பார்த்தார்கள், தட்டிக் கொடுத்தார்கள். சாமியாரும் நல்ல வேலை என்றார்.

தடை நீங்குவதற்கு முந்தின நாள் காலை படகைத் தண்ணீரில் இறக்கினோம். இன்ஜின் ஒரே தட்டில் எழுந்தது. படகு ஆட்கள் கைதட்டினார்கள். அக்காள் தாம் குடித்துக்கொண்டிருந்த காப்பி டம்ளரை இன்ஜின் பெட்டிமேல் வைத்தார். டிரைவர் அருளப்பன் கியர் போட்டான். டம்ளர் மெல்ல நகர்ந்து ஓரத்துக்குப் போய்க் கீழே விழுந்தது.

"இது என்னலே?" என்றார் அக்காள்.

"புது இன்ஜின்லா, கொஞ்சம் ஆடும். பழகிரும்."

இன்னொரு டம்ளரை வாங்கி வைத்தார். அதுவும் போய் விழுந்தது. "பழைய இன்ஜின்ல டம்ளர் ஆடும், நிக்கும். இதுல நடக்கு. சாப்டு மல்லுக்கு நிக்கிலே. கையை வச்சுப் பாரு."

கை வைத்துப் பார்த்தேன். எனக்கு விளங்கிவிட்டது. மரப்படகு கரையில் ஒரு மாதிரி இருக்கும், தண்ணீரில் இறங்கி நனைந்ததும் கொஞ்சம் வளைந்து உட்காரும். அதனால் தண்ணீரில் இறக்கி ஒரு நாள் நிறுத்தி, மறுபடி பார்த்த பிறகுதான் இறுக்க வேண்டும். இது எனக்குத் தெரியாததல்ல. ஆயிரம் தடவை செய்தவன். ஊர் வேடிக்கை பார்த்த சந்தோஷத்தில் விட்டுவிட்டேன்.

"கழத்திச் சரி பண்ணணும்" என்றேன். அருளப்பன் இன்ஜின் பெட்டிமேல் ஏறி உட்கார்ந்துவிட்டான்.

"மாமா, தீர்த்தம் விழுந்தாச்சு. இனி ஸ்பேனர் வச்சா நான் இதுல போவ மாட்டேன். எனக்கு ரெண்டு பிள்ள இருக்கு."

"அப்படியே ஓட்டுனா சாப்டு நடுக்கடல்ல ஒடியும், தெரியுமா?"

"ஒடிஞ்சா கட்டி இழுத்துட்டு வருவாவ. ஸ்பேனர் வச்சா யாரு இழுப்பா?"

மற்ற ஆட்களும் அவன் பக்கம். எனக்கும் கை போகவில்லை. ஆயிரம் இன்ஜின் பிரித்த என் கை, அன்று ஸ்பேனரை எடுக்க மறுத்தது. அதையும் சொல்லிவிடுகிறேன்.

அக்காள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பெட்டிக்குப் பக்கத்தில் வந்தார். "அருளப்பா, எந்திரிலே. படகு யாரு பேருல நிக்கி?"

"உங்க பேருலதான்."

"அப்போ குத்தம் வந்தா எனக்குத்தான் வரணும், ஒனக்கு வராது. ஆண்டவருக்கு ஆளு மாறிப் போவாது. தீர்த்தம் தெளிச்சது படகு நல்லாப் போவத்தான், கோணலா நிக்கத இறுக்கி வைக்கவா?" என்னிடம் திரும்பி, "எதுலே அந்தச் சாவி?" என்றார்.

ஸ்பேனரை எடுத்துக் கொடுத்தேன். முழங்கால் வலியோடு குனிந்து, இரண்டு கையாலும் பிடித்து, நெற்றியில் சிலுவை போட்டுக்கொண்டு, முதல் நட்டைத் தாமே இளக்கினார். லேசில் வரவில்லை, நான் இறுக்கின நட்டு. உதவிக்குப் போனேன். "நீ அங்கயே நில்லு. ஒண்ணு நான்தான்" என்றார். நட்டு வந்தது. அருளப்பன் தானே இறங்கி வந்து விளக்குப் பிடித்தான்.

தகடு நுழைத்துப் பார்த்தேன். மேல் பக்கத்தில் நன்றாக வாய் பிளந்திருந்தது. அக்காளிடம், "இன்னைக்கு இறுக்கப்படாது. மரம் ஊறி ஒக்காரட்டும். நாளைக்குத்தான்" என்றேன். நாளைக்கு எல்லாப் படகும் போகிற நாள். அக்காள், "ஒரு நாளு போனாப் போவட்டு. கெடு ஒரு வாரம்லா" என்றார். அடுத்த நாள் மற்றப் படகுகள் ஒவ்வொன்றாகப் போக, நாங்கள் இருந்த இடத்தில் இருந்தோம். இன்ஜினின் முன்கால் இரண்டுக்கும் அடியில் தகடு கொடுத்துத் தூக்கி, சுற்றிலும் பார்த்துப் பார்த்து இறுக்கினேன். அக்காள் டம்ளரை வைத்தார். கியர் போட்டார்கள். டம்ளர் நின்றது. காப்பி மட்டும் வட்டம் வட்டமாக நடுங்கியது.

மறுநாள் படகு போனது. கணவாயும் நெத்திலியுமாக நிறைந்து வந்தது. உடைக்கிற ஆளை வர வேண்டாம் என்று மருமகனே சொல்லிவிட்டான். துறைமுகத்தில் யார் கேட்டாலும் அக்காள், "என் தம்பி வச்ச இன்ஜின்" என்று மட்டுமே சொல்வார். டம்ளர் விழுந்ததையோ, தாம் சாவி பிடித்ததையோ ஒருவரிடமும் சொன்னதில்லை, ஆட்களையும் சொல்ல விடவில்லை. என் பெயரை அப்படிக் காத்தார்.

போன வருடம் மழைக்காலத்தில் மூச்சுத் திணறல் வந்து படுத்தார். கடைசி மூன்று மாதம் கட்டிலிலேயே. அப்போதும், "படகு போச்சா? வந்துட்டா?" என்ற கேள்விதான். ஒரு மத்தியான வேளையில், பிள்ளைகள் எல்லாரும் சுற்றி நிற்க, அமைதியாகப் போனார்.

அக்காளைத் தூக்கி, துடைத்து, உணவு ஊட்டிய பக்கத்து வீட்டுப் பெண்களுக்கும், வீட்டுக்கே வந்து ஊசி போட்ட நர்ஸ் சிஸ்டருக்கும், நற்கருணை கொண்டுவந்த பங்குத்தந்தைக்கும், அடக்கத்தன்று எந்தப் படகையும் கடலுக்கு விடாமல் நிறுத்திய ஊராருக்கும், விடுமுறை கிடைக்காத இடத்திலிருந்து வந்து சேர்ந்த மருமகனுக்கும் நன்றி. அருளப்பனுக்கும்.

ஒன்று பாக்கி. இந்த நினைவு மலருக்கு மருமகன் எழுதித் தந்த வாழ்க்கைக் குறிப்பைப் படித்துக் காட்டச் சொன்னேன். அதில், "அம்மா தம் படகுக்குப் புதிய இயந்திரம் பொருத்தினார்" என்று ஒரு வரி இருக்கிறது. யார் கையால் பொருத்தியது என்று இல்லை. அந்த வரியை அச்சுக்குப் போகும் முன் திருத்த வேண்டும். தவறு செய்தது நான் என்பதையும், முதல் நட்டைக் கழற்றியது அக்காள் என்பதையும் நானே சொல்லிவிட்டேன், எனக்கு வெட்கமில்லை. மற்ற ஏழு நட்டும், அந்த இன்ஜினும், கியர் பாக்ஸும், சாப்டும், விசிறியும் என் கை வேலை. அதை மலர் போடுகிற நீங்கள் எழுத வேண்டும். என் பெயரைப் போட்டு, அதற்கு முன்னால் 'அவருடைய தம்பி' என்று சேர்த்து எழுத வேண்டும்.