திருநீற்றுக்குள் போன கல்யாணம்

லோரியில் சாமான் ஏற்றி இறக்குவது என் வேலை. மகள் படிக்கிற காலத்தில் வாங்கிய கம்ப்யூட்டரை மாடிக்கு ஏற்ற இரண்டு ஆள் வேண்டியிருந்தது. அது செத்துப்போய் ரொம்ப நாளாகிறது. பெட்டி மட்டும் இருக்கிறது. அதன்மேல்தான் எங்கள் சாமி மேடை. அசையாது.

மகள் கல்யாணத்துக்கு மறுநாள் கோயிலில் கேமராக்காரர் நகம் அளவு கார்டு ஒன்றை என் கையில் வைத்தார்.

"அங்கிள், முழுக் கல்யாணமும் இதுல இருக்கு. என் மெஷின் கெட்டுப்போச்சு, வேற காப்பி இல்ல. பத்திரம் லா."

"இதுலயா?"

"இதுலதான்."

நம்பிக்கை வரவில்லை. ஆனாலும் திருநீறு மடித்த தாளுக்குள் வைத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன். வீட்டில் சொல்லவில்லை.

கேமராக்காரர் சொல்லி, ஞாயிற்றுக்கிழமை மகள் பெர்மாஸ் ஜெயாவில் இருக்கும் புகுந்த வீட்டிலிருந்து கார்டை வாங்க வந்தாள். அவள் மாமியார் படுத்த படுக்கை. மகன் தாலி கட்டியதைப் பார்க்காதவர். இதற்காகத்தான் காத்திருக்கிறார்.

சட்டை கொடியில் காய்ந்தது. பை காலி.

"அலமாக்! கம்ப்யூட்டரையே தூக்குனவரு, ஒரு நகத்த வச்சுக்கத் தெரியல," என்றாள் மனைவி.

"பையில இருந்த தாளு எங்க?"

"அது திருநீறுதானே? எப்பவும்போல கிண்ணத்துல கொட்டிட்டேன்."

மூன்று பேரும் சாமி மேடையைப் பார்த்தோம்.

"தெனமும் அதத்தான் பூசிக்கிட்டுப் போறீங்க. கல்யாணம் நெத்தியில ஏறி லோரியில போயிருக்கும்," என்றாள் மனைவி.

மகள் சிரிக்கவில்லை. மனைவி மாவுச் சல்லடையைக் கொண்டுவந்தாள். சாமியிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டுச் சலித்தாள். கடைசிப் பிடியில் கார்டு மேலே நின்றது. மகள் அதை ஊதி, துடைத்து, லேப்டாப்பில் போட்டாள். திரையில் மணமேடை தெரிந்தது, நாதஸ்வரம் கேட்டது. அப்புறம்தான் மூச்சு விட்டாள்.

"அவங்க வீட்டு டிவி சின்னது. நம்ம டிவிய நீங்க தூக்கிட்டு வாங்கப்பா. கார்டு என்கிட்டயே இருக்கட்டும்."

"பெருசா இருந்தா இவரு தொலைக்க மாட்டாரு," என்றாள் மனைவி.

தூக்கினேன்.

சம்பந்தியம்மா தாலி கட்டும் இடத்தைத் திரும்பத் திரும்பப் போடச் சொன்னார். கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார்.

"எல்லாம் நல்லா இருக்கு. சம்பந்திதான் கல்யாணம் முழுக்க ஒரு தடவகூட சிரிக்கல."

அப்போது சிரித்தேன். படம் எடுக்கத்தான் ஆள் இல்லை.