புதன்கிழமைப் பாத்திரம்

எங்கள் சமையலறை மேல்தட்டில் ஒரு கண்ணாடிப் பாத்திரம் இருக்கிறது. நீள்சதுரமானது, ஒரு மூலையில் சின்ன உடைசல். கவிழ்த்தால் அடியில் ஒட்டியிருக்கும் வெள்ளை டேப்பில் நீல மையால் ஒரு பெண்ணின் பெயர். போன வாரம் பழைய சாமான்களை டொனேஷனுக்கு ஒதுக்கிக்கொண்டிருந்த என் மகள் அதைத் தூக்கிக் காட்டி, "வாப்பா, திஸ் இஸ் நாட் ஈவன் அவர்ஸ். குடுத்துடலாமா?" என்றாள். "அதை வைம்மா!" என்று கத்திவிட்டேன். அவள் முகம் சுருங்கிவிட்டது. அவளிடம் வாய்விட்டுச் சொல்ல முடியாததை இங்கே எழுதுகிறேன்.

அவள் பிறந்தபோது நாங்கள் ஹூஸ்டனை ஒட்டிய இந்தச் சுகர் லேண்டில் இல்லை. இங்கிருந்து காரில் மூன்று மணி நேரம் தள்ளி ஒரு சின்ன ஊரில் இருந்தோம். ரயில் பாதை அந்த ஊரை இரண்டாக வகிர்ந்திருக்கும். பாதைக்கு அந்தப் பக்கம் தானியக் கிடங்கும் மூடிக் கிடந்த பஞ்சு மில்லும். இந்தப் பக்கம் கோர்ட்டுக் கட்டடம், சர்ச், ஒரு சாப்பாட்டுக் கடை, பாதிக்கு மேல் பலகை அடித்த கடைகள். மண் கறுப்பு. மழை பெய்தால் செருப்போடு பிடித்துக்கொள்ளும். என் மச்சான் அங்கே காசு போட்டுத் துணி துவைக்கும் லாண்டரி ஒன்றை வாங்கி, பத்தாவது தாண்டாத என்னை அதைப் பார்த்துக்கொள்ள வைத்தார். எண்ணெய்க் கிணற்று வேலைக்காரர்களின் உடுப்புதான் எங்கள் சோறு.

அந்த ஊரின் கதையை எனக்குச் சொன்னவர் பக்கத்து வீட்டு அம்மா. எழுபது வயதுக்கு மேல், கணவர் இறந்து தனியாக இருந்தார். அவருடைய பாட்டனாரின் தகப்பனார் செக் நாட்டிலிருந்து கப்பலேறி வந்து அந்தக் கரிசலில் பருத்தி போட்டவராம். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் கல்லறைகளில் பாதி எழுத்து அந்த நாட்டுப் பாஷை. "பாட்டனார் பேசுனா எனக்குப் புரியும் ஹனி, பதில்தான் இங்கிலீஷ்ல வரும்" என்பார். எல்லாரையுமே ஹனி என்றுதான் கூப்பிடுவார். மில் மூடியதும் ஊர் இளசுகள் எல்லாம் ஹூஸ்டன் போய்விட்டார்கள். அவர் பிள்ளைகளும்தான்.

என் மனைவி மாசமாக இருந்தபோது, எழுந்து நடக்கவே கூடாது என்று டாக்டர் படுக்கையில் போட்டுவிட்டார். அந்த ஊரில் ஒரு வீட்டில் நோயோ சாவோ என்றால் அக்கம்பக்கத்தார் சமைத்துக்கொண்டு வருவார்கள். பாத்திரம் கலந்துவிடாமல் இருக்க அடியில் டேப் ஒட்டிப் பெயர் எழுதியிருப்பார்கள். அதைத் திருப்பிக் கொடுக்கும்போது வெறும் பாத்திரமாகக் கொடுப்பதில்லை, ஏதாவது போட்டுத்தான் கொடுப்பார்கள். ஒரு புதன்கிழமை அந்த அம்மா முட்டி வலியோடு எங்கள் படியேறி வந்து அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை நீட்டினார். சுடச்சுட பீன்ஸ். மூடியைத் திறந்தால் உள்ளே சின்னச் சின்னதாகப் பன்றி இறைச்சித் துண்டுகள்.

"போய்ப் பக்குவமா சொல்லிடுங்க. நமக்கு ஆகாதுன்னா அவங்க புரிஞ்சுக்குவாங்க" என்றாள் மனைவி. சொல்லத்தான் போனேன். நான் வாயைத் திறக்கும் முன்னே, "எப்படி இருந்துச்சு ஹனி?" என்று கேட்டுவிட்டார். அந்தக் கண்ணைப் பார்த்ததும் என் வாயில் வந்தது வேறு. "ரொம்ப நல்லா இருந்துச்சு, ஒண்ணும் மிச்சம் இல்லை."

அன்றிலிருந்து புதன்கிழமை தோறும் பீன்ஸ். மகள் பிறந்து நடக்க ஆரம்பித்த பிறகும் நிற்கவில்லை. வீட்டுக் குப்பைத் தொட்டியில் போட்டால் அவர் கண்ணில் பட்டுவிடும் என்று கறுப்புப் பையில் கட்டி லாண்டரிக்குப் பின்னால் கொண்டுபோய்ப் போடுவேன். உணவை வீணாக்குவது ஒரு பாவம், பொய் இன்னொரு பாவம். மனைவி பாத்திரத்தைத் திரும்பத் திரும்பக் கழுவி, அதில் எங்கள் வட்டிலப்ப இனிப்பு வைத்து அனுப்புவாள். "உங்க பொய்க்கு நான் முட்டையும் தேங்காயும் செலவு பண்றேன்" என்று குத்திக் காட்டுவாள். ஒருமுறை துணிந்து மறுபடி சொல்லப் போனேன். அடுப்படியில் நின்றபடியே அவர் சொன்னார்: "என் ஒருத்திக்காகச் சமைக்கக் கை வர்றதில்லை. நீங்க சாப்பிடுறீங்கன்னுதான் புதன்கிழமை அடுப்புப் பத்த வைக்கிறேன்." நான் தலையை ஆட்டிவிட்டுத் திரும்பிவிட்டேன்.

எண்ணெய்க் கிணறுகளில் வேலை குறைந்தது. மச்சான் லாண்டரியை மூடினார். நாங்கள் இங்கே வந்தோம். அவசரத்தில் கடைசிப் புதன்கிழமைப் பாத்திரமும் எங்கள் பெட்டியோடு வந்துவிட்டது. பள்ளிவாசலில் ஒரு ஜும்மாவில், மனிதருக்குச் செய்த தவற்றை அந்த மனிதர் மன்னிக்காமல் அல்லாஹ்விடம் மட்டும் கேட்டுப் பயனில்லை என்று ஹஜ்ரத் பேசினார். எனக்குப் பாத்திரம்தான் கண்முன் வந்தது. ஆனாலும் வேலை, பிள்ளையின் ஸ்கூல் என்று வருஷங்களைத் தள்ளினேன். இந்த வசந்தத்தில்தான் அந்த ஊருக்குப் போனேன். லாண்டரிக்குப் பலகை அடித்திருந்தது. அவர் வீட்டில் யாரும் இல்லை. பக்கத்து டவுன் முதியோர் இல்லத்தில் இருப்பதாக எதிர்வீட்டுக்காரர் சொன்னார்.

சின்ன அறை. கட்டில், நாற்காலி, ஜன்னல். என்னைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. "பீன்ஸ் வீட்டு ஹனி!" என்று சிரித்தார். பாத்திரத்தில் கொண்டுபோன வட்டிலப்பத்தை மடியில் வைத்துக்கொண்டார். நான் நாற்காலி நுனியில் உட்கார்ந்து ஒன்றுவிடாமல் சொன்னேன். எங்கள் மார்க்கத்தில் அந்த இறைச்சி ஆகாது என்பதை, முதல் நாள் பொய்யை, கறுப்புப் பையை. மன்னித்துவிடுங்கள் என்றேன்.

மடியிலிருந்த பாத்திரத்தின் மூடியைத் தடவினார். பிறகு கேட்டார்: "அப்போ புதன்கிழமையெல்லாம் என்னதான் சாப்பிட்டீங்க?"

"ரசஞ்சோறு. சில நாள் வெறும் ரொட்டி" என்றேன். அவர் ஜன்னல் பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். அதற்குள் சாப்பாட்டு நேரம் என்று ஒரு பணிப்பெண் வந்தாள். வட்டிலப்பத்தை வேறு தட்டுக்கு மாற்றி, பாத்திரத்தை அங்கேயே குழாயில் அலசி அந்த அம்மா கையில் கொடுத்தாள். அவர் அதை என்னிடம் நீட்டினார். "எடுத்துட்டுப் போ ஹனி. இங்கே வைக்க இடமில்லை." மன்னித்தேன் என்று சொல்லவில்லை. மன்னிக்கவில்லை என்றும் சொல்லவில்லை. அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு போய்விட்டார்கள்.

இப்போது பாத்திரம் மேல்தட்டில்தான் இருக்கிறது. தொழுதுவிட்டு வந்து சில நாள் எடுத்துப் பார்ப்பேன். டேப்பின் ஓரம் எழும்பிக்கொண்டே வருகிறது, விரலால் அழுத்தி வைக்கிறேன். வெறும் பாத்திரத்தைத் திருப்பிக் கொடுக்காத ஊர்க்காரர் அவர். எனக்கு வெறும் பாத்திரத்தைத்தான் கொடுத்தார். என்மேல் மனம் விட்டுப்போய் அப்படிக் கொடுத்தாரா, அந்த அறையில் போட்டுக் கொடுக்க ஒன்றுமே இல்லாததாலா? அல்லாஹ்வுக்குத்தான் தெரியும். நேற்று அந்த இல்லத்துக்கு போன் பண்ணினேன். தூங்குகிறார் என்றார்கள்.