சம்மந்தியம்மாள் கேட்ட தேதி

எங்கள் மலைத் தேயிலைத் தோட்டத்தில் வாயில் சுருட்டோடு கொழுந்து பறித்தவள் இராசம்மா ஒருத்திதான். புருசன் போன பிறகு அவளுக்கு இருந்த துணை இரண்டு: மகள் சரோஜா, அந்தச் சுருட்டு. துரை எதிரே வந்தால்கூட முதுகுக்குப் பின்னால் மறைப்பாளே தவிர, அணைக்க மாட்டாள். நான் பக்கத்து வீட்டுக்காரி. அந்தப் புகையில் பாதியைக் குடித்தவள் நான்தான், அதனால் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

எண்பத்தேழாம் வருசம் அவளுக்கு இருமலில் ரத்தம் வந்தது. மலைக்குக் கீழே ஈப்போ ஆஸ்பத்திரியில் நுரையீரல் புற்றுநோய் என்று சொல்லி, கட்டியை வெட்டியெடுத்தார்கள். சரோஜாவுக்குத் தையில் கல்யாணம் என்று அப்போதுதான் பேசி முடித்திருந்தோம். மாப்பிள்ளை ஆண்டியப்பன், பக்கத்து ஊர் திரிங்காப்பில் காய்கறி லோரி ஓட்டுபவன். தங்கமான பையன். அவன் அம்மா நீலாவதி இருக்கிறாளே, கடவுளே!

ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு நோயாளியைப் பார்க்க வந்தவள், உட்காருவதற்குள் ஆரம்பித்துவிட்டாள்.

“சம்மந்தி, தப்பா நெனைக்காதீங்க. பத்திரிக்கை அடிச்ச பெறகு எழவு விழுந்தா சகுனத்தடைலா. மொதல்ல ஒங்க காரியம் முடியட்டும். அப்பறம் நிம்மதியா கல்யாணத்த வச்சிக்கலாம்.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்தப் பழத்தை அவள் தலையிலேயே போட்டிருப்பேன். மகள் கழுத்தில் தாலி ஏறுவதைப் பார்க்க வேண்டும், இராசம்மாவுக்கு இருந்த ஆசை அது ஒன்றுதான். அதற்குப் போய் இவள் குறுக்கே நிற்கிறாளே!

இராசம்மா அழவில்லை. “நான் எப்ப போவேன்னு டாக்டரையே கேட்டுருவோம். நீங்களும் வாங்க,” என்றாள்.

மூவரும் பஸ் பிடித்து மலையிறங்கினோம். டாக்டர் லியோனார்ட் தோட்டத்துப் பிள்ளை, தமிழிலேயே பேசினார். நீலாவதி முந்திக்கொண்டாள்.

“ஐயா, தைக்கு முன்னாடி முடிஞ்சிருமா?”

“என்னம்மா முடியணும்?”

“இவங்கதான்.”

டாக்டர் கண்ணாடியைக் கழற்றி அவளை ஒரு பார்வை பார்த்தார். பிறகு பொறுமையாகச் சொன்னார். உடம்பின் அணுக்கள் ஒன்றையொன்று பிடித்துக்கொண்டு நிற்பதற்குப் பசை மாதிரி ஒரு பொருள் உண்டாம். சில கட்டிகளில் அந்தப் பிடி விட்டுப்போகுமாம். அணுக்கள் கழன்று, ரத்தத்தோடு மூளைக்கும் எலும்புக்கும் போய்க் குடியேறிவிடுமாம்.

“இவங்க கட்டியில பிடி நல்லாருக்கு. வேற எங்கயும் பரவவும் இல்ல. புதுசா நடக்குற ஆராய்ச்சிம்மா, சத்தியம் பண்ண முடியாது. ஆனா பிடி இருந்தா ரொம்ப நாள் இருக்க வாய்ப்பு அதிகம்.”

“ரொம்ப நாள்னா?”

“வருசக் கணக்குல.”

நீலாவதியின் முகத்தைப் பார்த்திருக்க வேண்டுமே! இராசம்மா சிரித்துச் சிரித்து, தையல் வலியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டாள்.

“அதுக்குள்ள எம் மவன் தல நரைச்சிரும்லா,” என்று முனகிய நீலாவதி, திரும்பி மலையேறிய பஸ் ரிங்லெட் ஊரைத் தொடுவதற்குள் தையிலேயே வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டாள்.

பத்திரிகை அடித்ததும் அவளுக்கு வேறு கவலை பிடித்தது. இப்போது இவள் போய்விடக் கூடாதே! வாரம் தவறாமல் மகன் லோரியில் முட்டைக்கோசும் கீரையும் வந்திறங்கின. கூடவே அவளும் இறங்கினாள். அரிசி டின், சாமி படத்தின் பின்பக்கம், என் கோழிக்கூடு என்று துழாவி, ஒளித்து வைத்த சுருட்டையெல்லாம் எடுத்து அடுப்பில் போட்டாள். கோழிக்கூட்டு விஷயம் எனக்குத் தெரியவே தெரியாது என்று நான் சாதித்துவிட்டேன்.

தையில் தாலி ஏறியது. இராசம்மா கண்கொட்டாமல் பார்த்தாள். நான்தான் மூக்கைச் சிந்திக்கொண்டிருந்தேன். பந்தி முடிந்ததும் அவள் கையை நீட்டினாள்.

“பாத்துட்டேன், போதும். இனி நான் இருந்தா என்ன, போனா என்ன? ஒரு சுருட்டு குடுங்க சம்மந்தி.”

“வளைகாப்பு முடியட்டும்.”

வளைகாப்பு முடிந்தது. “பேரனுக்குக் காது குத்தட்டும்,” என்றாள் நீலாவதி. காதும் குத்தியாயிற்று.

“ஏன் சம்மந்தி, அன்னிக்கி நான் சாகத் தேதி கேட்டீங்க. இன்னிக்கி சாகவே விடமாட்டேங்கிறீங்களே!”

நீலாவதிக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைத் துடைக்காமலே பாய்ந்தாள்.

“செத்துத்தான் பாருங்களேன், அப்பறம் இருக்கு ஒங்களுக்கு!”