தாமான் மெக்சிக்கோ

மாமாவுக்குச் சும்மா உட்காரத் தெரியாது. சாப்பிடும்போதும் ஒரு கால் ஆடிக்கொண்டே இருக்கும். அம்மா ஒருநாள் எரிச்சலில் அந்த முழங்காலை அழுத்திப் பிடித்தார். உடனே அடுத்த கால் ஆட ஆரம்பித்தது. அவர் அம்மாவின் தம்பி. காஹாங்கில் செம்பனை எண்ணெய்த் தோட்டத்தில் வளர்ந்தவர். வேலை தேடி வந்து, தெப்ராவில் எங்கள் நாலாவது மாடி வீட்டின் கூடத்தில் பாய் விரித்துக்கொண்டார். தினமும் மோட்டார் சைக்கிளில் எல்லைப் பாலத்தைத் தாண்டி சிங்கப்பூரில் ஒரு கிடங்குக்கு வேலைக்குப் போவார். திரும்பி வந்ததும் குளிக்கிறாரோ இல்லையோ, கைப்பேசியில் பாட்டு போட்டுவிடுவார்.

அந்தப் பாட்டுகளில் வந்தவர்கள்தான் எங்கள் வீட்டு நிம்மதியைக் கெடுத்தார்கள். அமெரிக்காவில் பிறந்து வளர்ந்த மெக்சிக்கோக்காரப் பிள்ளைகள். சிக்கானோ என்று தங்களைச் சொல்லிக்கொண்டார்கள். மழித்த தலை, கறுப்புக் கண்ணாடி, கட்டம் போட்ட சட்டையில் கழுத்துப் பொத்தான் மட்டும் மாட்டியிருக்கும், முழங்கால் வரை வெள்ளைக் காலுறை. தரையை உரசுகிற கார்களில் ஆமை போல் நகர்ந்துகொண்டே படுவேகமாக ராப் பாடினார்கள்.

“பாத்தியா, நம்ம ஆளுங்க மாதிரியே இல்ல? நிறத்தப் பாரு, மீசையப் பாரு. அம்மா பேர நெஞ்சுல குத்தி வச்சிருக்கான். முதுகுல மாதா. நம்மகிட்ட மாரியம்மன் இல்லையா, அந்த மாதிரிதான் லா” என்பார் மாமா.

எனக்கு அப்போது ஒன்பது வயது. தெரிந்த ஒரே வெளிநாடு சிங்கப்பூர். பாலத்துக்கு அந்தப் பக்கம்தான் அவர்களும் இருக்கிறார்கள், மாமா தினமும் அவர்களோடுதான் வேலை பார்த்துவிட்டு வருகிறார் என்று வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். பள்ளியில் நாலு பேரிடம் சொல்லியும் வைத்தேன்.

பிறகு மாமா தலையை மழித்தார். பழனிக்கு வேண்டுதலா என்று பக்கத்து வீட்டில் கேட்டார்கள். ஆமாம் என்று அம்மா சமாளித்தார். காலுறை வந்தது, கட்டம் போட்ட சட்டை வந்தது. கார் வாங்க வழியில்லாததால் ஒரு பழைய சைக்கிள் வந்தது. அதன் கைப்பிடியை மாட்டுக்கொம்பு போல உயர்த்தி, வாழைப்பழம் போல நீளமான இருக்கை வைத்து, கண்ணாடிகள் மாட்டி, ஞாயிற்றுக்கிழமைகளில் எங்கள் அடுக்குமாடிப் புளோக்கைச் சுற்றி வருவார். பின்னால் நான். சாலையில் மற்றவர்கள் ஹாரன் அடித்துப் பறக்க, நாங்கள் நடந்து போகிறவர்களையும் முன்னால் விட்டு மெல்லப் போவோம். ஓர் இடத்தில் கால் தரிக்காத மனிதர் அந்தச் சைக்கிளில் மட்டும் எப்படி அவ்வளவு நிதானமாக இருந்தார் என்று தெரியவில்லை. மிதித்துக்கொண்டே சொந்தமாகக் கட்டிய ராப் ஒன்றைப் பாடுவார்:

“நாலாவது மாடி, ஏறினா மூச்சு,
நம்ம கதைய கேட்டா நின்னு போகும் பேச்சு.”

அதற்கு மேல் அந்தப் பாட்டு வளரவே இல்லை.

அடுத்து கையில் பச்சை குத்திக்கொண்டு வந்தார். முள்ளுக்கம்பியை வளைத்தது போன்ற எழுத்தில், இறந்துபோன தன் தாயாரின் பெயர். யாராலும் படிக்க முடியவில்லை. ‘என்னடா இது, கையெல்லாம் வேலி போட்டிருக்க’ என்று திட்டிக்கொண்டே வந்த அம்மா, பெயர் தெரிந்ததும் குளியலறைக்குள் போய்விட்டார். தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் அப்பா மட்டும், “போலீஸ் நிறுத்தினா ஐ.சி. கார்டக் காட்டுவியா, கையக் காட்டுவியா?” என்று கேட்டுவிட்டுத் தூங்கப் போனார்.

கடைசியாக வந்தவைதான் அந்த மூன்று புள்ளிகள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில், முக்கோணமாக. அந்தப் பாட்டுக்காரர்கள் ஊரில் இதற்குப் ‘பைத்தியக்கார வாழ்க்கை’ என்று அர்த்தமாம். பாடுகிறவர்களில் பாதிப் பேர் கையில் அது இருந்தது. நானும் பேனாவால் என் கையில் மூன்று புள்ளி வைத்துக்கொண்டேன்.

எங்கள் பக்கத்தில் அதற்கு வேறு அர்த்தம் இருக்கக்கூடும் என்று மாமாவுக்குத் தோன்றவில்லை. இங்கே அடிதடி செய்யும் இளைஞர் கூட்டங்களுக்கெல்லாம் ஒரு நம்பர் உண்டு, ஓர் அடையாளம் உண்டு. அம்மா அதைப் பற்றிப் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

ஒரு ஞாயிறு காலை, கார் நிறுத்துமிடத்தில் எங்கள் சைக்கிளைச் சுற்றி மோட்டார் சைக்கிள்கள் வந்து நின்றன. இறங்கியவர்களில் தடித்த சங்கிலி போட்டிருந்தவர் மாமாவின் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தார்.

“எந்த நம்பர்டா நீ?”

“நம்பர் எல்லாம் இல்லண்ணே. இது… மெக்சிக்கோ.”

“தாமான் மெக்சிக்கோவா? அது எங்க இருக்கு, ஸ்கூடாய் பக்கமா?”

மற்றவர்கள் சிரித்தார்கள். குடியிருப்புக்கெல்லாம் தாமான் என்று பெயர் வைக்கிற ஊரில் அது நியாயமான கேள்விதான். நானும் சிரித்தேன். சங்கிலிக்காரர் சிரிக்கவில்லை.

“எங்க இடத்துல வந்து வேற குரூப் அடையாளத்தக் காட்டுறியா? அழிச்சிடு. நானே அழிச்சு விடுறேன்.”

எஞ்சின் ஓடிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்ப் பக்கமாக மாமாவின் கையை இழுத்தார். இன்னொருவர் மாமாவின் தோளை அழுத்தினார். மாமா தரையில் முட்டிபோட்டபடி ‘அண்ணே, அண்ணே’ என்று மட்டும் சொல்லிக்கொண்டிருந்தார். குழாயின் சூடு நான் நின்ற இடம் வரை அடித்தது. என் பேனாப் புள்ளிகளை எச்சில் தொட்டுத் தேய்த்தேன். அவை இன்னும் பெரிதாகப் பரவின.

அப்போதுதான் அம்மா சந்தையிலிருந்து மீன் பையோடு வந்தார். ஓடவில்லை. நேராக வந்து, பையைக் கீழே வைத்துவிட்டு, குழாய்க்கும் மாமாவின் கைக்கும் நடுவில் தன் கையை வைத்தார்.

“அவன் என் தம்பி. இது என்னா அடையாளம்னு நெனச்சிட்டீங்க? என் பிள்ளைங்களுக்காகக் குத்திக்கிட்டான். மூணு புள்ளி, மூணு பிள்ள. ஒண்ணு இந்தா நிக்கிறா. ஒண்ணு மேல தூங்குறான்.”

“இன்னொண்ணு?”

அம்மா அந்த ஆளின் முகத்தையே பார்த்தார்.

“அது தங்கல, தம்பி.”

சங்கிலிக்காரரின் பிடி தளர்ந்தது. வண்டி எஞ்சினை நிறுத்தினார். சத்தம் போனதும் எல்லாரும் எங்கே பார்ப்பது என்று தெரியாதது போல் நின்றார்கள். “சொல்லித் தொலைக்க வேண்டியதுதானடா. மெக்சிக்கோவாம்” என்று மாமாவை ஒரு தட்டுத் தட்டினார். பிறகு கீழே இருந்த மீன் பையை எடுத்து அம்மாவிடம் நீட்டி, “போங்கக்கா” என்றார்.

நாங்கள் படியேறினோம். மாமா இரண்டாவது மாடியில் உட்கார்ந்து முகத்தைக் கையால் மூடிக்கொண்டு அழுதார். பயம் இன்னும் போகவில்லை என்று நினைத்தேன். அம்மா அவர் பக்கத்தில் நின்று தலையைத் தடவினார். மழித்த தலையில் முளைத்திருந்த சின்ன முடிகள் சரசரத்தன. திட்டவே இல்லை. அதுதான் எனக்கு ஆச்சரியம்.

ஆனால் என் மனம் வேறு கணக்கில் துள்ளிக்கொண்டிருந்தது. வீட்டில் பிள்ளைகள் நானும் தம்பியும் மட்டும். பொய்யே சொல்லக்கூடாது என்று என் காதைத் திருகுகிற அம்மா, அத்தனை முரடர்களுக்கு நடுவில் கண்ணிமைக்காமல் இல்லாத ஒரு பிள்ளையை உண்டாக்கிவிட்டாரே! அடுக்களையில் மீன் கழுவிக்கொண்டிருந்தவரிடம் போய்ச் சொன்னேன்:

“அம்மா, சூப்பரா பொய் சொன்னீங்க. அவங்க அப்படியே நம்பிட்டாங்க.”

வாசலோரம் நின்ற மாமா என் பெயரைச் சொல்லி அதட்டினார். அவர் என்னை அதட்டியது அது ஒரு தடவைதான். அம்மா குழாயை மூடவில்லை, திரும்பவும் இல்லை.

“ஆமா. நல்லா சொன்னேன்ல” என்றார்.

எனக்கு முன்னால் ஒரு ஆண் குழந்தை பிறந்து சில நாள் இருந்துவிட்டுப் போனது, அப்பா அந்தப் பக்கமே வரமுடியாமல் மருத்துவமனைச் சுவரில் சாய்ந்து நிற்க, பள்ளிச் சீருடையில் காஹாங்கிலிருந்து வந்த மாமாதான் அதைத் துண்டில் சுற்றி இடுகாட்டுக்குத் தூக்கிப் போனார் என்பதெல்லாம் நான் கல்லூரிக்குப் போன பிறகு மாமாவே சொல்லித் தெரிந்தது. அவர் கையில் அந்தப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன. யாராவது கேட்டால் இப்போது மெக்சிக்கோ என்று சொல்வதில்லை.

அன்று எனக்கு அந்தச் சொல் மட்டும்தான் கொஞ்சம் இடறியது. தங்கல என்றால், தீபாவளிக்கு வருகிற சொந்தக்காரர்கள் சிலர் படுக்க இடமில்லை என்று அன்றைக்கே ஊர் திரும்புவார்களே, அதுதான் என்று எண்ணினேன். தங்கியிருந்தால் எங்கே படுக்க வைத்திருப்பார்கள் என்று யோசித்தபடி, மாமாவின் பாய்க்குப் பக்கத்தில் இன்னும் ஒருவருக்கு இடம் இருக்கிறதா என்று கூடத்தில் போய்ப் பார்த்தேன்.