நைட்ரேட்டுக்கு முறைத் தண்ணீர்

“…அப்போ இது முறைத் தண்ணி இல்ல, கேட்டியளா? மூணு பிணைப்பும் எப்பவும் ஒரே நீளமாக்கும். இந்தப் பிள்ளை சொல்லுதா. நீங்க என்னத்தைச் சொல்லித் தந்திய எனக்கு?”

கல்லூரி வாசலில் நின்று என் மனைவி இப்படிக் கேட்டபோது பரீட்சைக்கு அரை மணி நேரம்கூட இல்லை. பக்கத்தில் நின்ற மாணவி, ஏன்தான் வாயைத் திறந்தோமோ என்று விழித்தாள்.

இயற்பியல் பட்டப்படிப்பில் என் மனைவிக்கு ஒரே ஓர் அரியர், துணைப்பாடமான வேதியியல். கல்யாணம், பிரசவம் என்று அது அப்படியே கிடந்தது. இப்போது பழைய அரியர்காரர்களுக்குக் கடைசி வாய்ப்பு என்று அறிவித்தார்கள். அவள் ஆய்வக உதவியாளராக இருக்கும் பள்ளியிலோ, பட்டம் இருந்தால் வேலை நிரந்தரம், இல்லாவிட்டால் வேறு ஆள் பார்ப்போம் என்று சொல்லிவிட்டார்கள்.

நான் நெல் விவசாயி. பத்தாம் வகுப்போடு பள்ளிக்கூடம் விட்டது. மற்றதெல்லாம் கையில் கிடைத்த தாள்களும் ஊர்க்காரர் வாயும் கற்றுத்தந்தவை. அவள் சோறு வடித்துக்கொண்டே பாடத்தைச் சொல்லுவாள், நான் தேங்காய் துருவிக்கொண்டே கேட்பேன். நைட்ரேட் அயனி வந்தது. நடுவில் நைட்ரஜன், சுற்றிலும் மூன்று ஆக்சிஜன். ஒன்றுக்கு மட்டும் இரட்டைக் கோடு, மற்ற இரண்டுக்கும் ஒற்றைக் கோடு. அடுத்த படத்தில் இரட்டைக் கோடு வேறு ஆக்சிஜனுக்கு. மூன்றாவதில் இன்னொன்றுக்கு. படங்களுக்கு நடுவே இருபுறமும் முனை உள்ள அம்பு.

“ஒரு அயனிக்கு எதுக்கு மூணு படம்?” என்று அவள் தலையைச் சொறிந்தாள்.

“ஏட்டி, இது முறைத் தண்ணில்லா! திங்க நமக்கு, செவ்வா அண்ணனுக்கு, புதன் கீழ வயலுக்கு. ரெட்டைக் கோடு அப்படிச் சுத்தி வருது.”

“கொள்ளாமே!” என்று சிரித்து, அதை அப்படியே நோட்டில் எழுதிக்கொண்டாள். மறுநாள் டீக்கடையிலும் இதைப் பெருமையாகச் சொன்னேன். “வே, நீரு சொன்னா பொய்யும் குளிச்சு பவுடர் போட்டுல்லா வரும்,” என்றார் கடைக்காரர். பாராட்டு என்றுதான் எடுத்துக்கொண்டேன். இப்போது வாசலில் நிற்கும்போதுதான் அது பாராட்டு இல்லை என்று புரிந்தது.

“மக்கா, அப்போ அந்த ரெட்டைக் கோடு யாருக்கு?” என்று மாணவியிடம் கேட்டேன்.

“தனியா யாருக்கும் இல்ல மாமா. மூணுக்கும் சமமா பரவிக் கெடக்கு. அதை ஒத்தப் படத்துல காட்ட முடியாது, அதுக்காக்கும் மூணு படம். அயனி ஒண்ணுதான், அது மாறி மாறி வராது. மாறுச்சுன்னா அளந்து பாக்கும்போது ஒண்ணு குட்டையாவும் மத்தது நீளமாவும்லா இருக்கணும்?”

“அப்போ மூணு மடையையும் ஒண்ணா தொறந்து விட்ட மாதிரி…”

“போரும்!” என்றாள் மனைவி. “இனி வயலைக் கொண்டு வராதீங்க. வேற எங்கயெல்லாம் இப்படிச் சொல்லி வச்சிருக்கியளோ!”

எங்கே என்று எனக்குத் தெரியும். சொன்னால் பதறிப்போய்ப் பரீட்சையைக் கோட்டைவிட்டுவிடுவாளோ என்று பயம். சொல்லாவிட்டால் தப்பை அப்படியே எழுதிவைப்பாள். உள்ளே மணி அடித்தது.

“ஏட்டி,” என்றேன். “அந்த ஆறு மூலை பென்சீன் வளையம் இருக்குல்லா… அதுக்கும் முறைத் தண்ணின்னுதான் சொன்னேன்.”

ஒரு நிமிடம் அவள் என்னை முறைத்தாள். பிறகு பேனாவைத் திறந்து, நோட்டில் அந்த வரியை அடித்தாள். நைட்ரஜனிலிருந்து மூன்று ஆக்சிஜனுக்கும் ஒன்றுபோலப் புள்ளிக் கோடு போட்டாள். பக்கத்தைப் புரட்டி, பென்சீனின் நடுவில் ஒரு வட்டம் வரைந்து மாணவியிடம் காட்டினாள். மாணவி தலையாட்டியதும், நோட்டை என் நெஞ்சில் திணித்துவிட்டு, அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனாள்.