மூச்சு டெஸ்ட்

வாகனப் புகை சோதிக்கும் இடத்தில் எனக்கு வேலை. கண்டி டவுனுக்குள் வரும் பெரிய ரோட்டின் ஓரம். மூன்று பக்கமும் திறந்த தகரக் கொட்டகை. வாகனம் வந்து நிற்கும். அதன் புகைக் குழாய்க்குள் எங்கள் மெஷினின் கம்பியை நான் செருக வேண்டும். டீசல் வண்டி என்றால் டிரைவர் எக்ஸிலரேட்டரை அடிவரை மிதிப்பார். புகை வரும். எண் வரும். எண் சரியென்றால் சேர்ட்டிபிக்கட். இல்லையென்றால் திரும்பிப் போக வேண்டும். பதினொரு வருடம் இதைச் செய்தேன். மாஸ்க் தந்திருந்தார்கள். வெக்கையில் அதைத் தாடைக்குக் கீழே இறக்கி விட்டுவிடுவேன்.

எழுத்து எனக்கு லேசாக வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவன். இதையும் மெதுவாகத்தான் எழுதுகிறேன்.

லொறிக்காரர்கள் செய்வது எங்களுக்குத் தெரியும். டெஸ்டுக்கு முதல் நாள் கராஜில் டீசல் பம்பை இறுக்குவார்கள். எண்ணெய் குறைவாகப் போகும், புகையும் குறையும். டெஸ்ட் பாஸ். அடுத்த நாள் இளக்கி விடுவார்கள். இறுக்கியபடியே விட்டால் லொறி ஏற்றம் ஏறாது. பாஸான லொறி மேட்டில் கறுப்பாகக் கக்கிக்கொண்டு போவதைப் பஸ்ஸில் இருந்து எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன்.

என் வீடு அம்பிட்டியவில். ரோட்டில் இறங்கிப் படி ஏற வேண்டும். முன்பு நிற்காமல் ஏறுவேன். பிறகு பலா மரத்தடியில் ஒரு தடவை நின்றேன். போன வருடம் மூன்று இடத்தில் நின்றேன்.

மனைவி மேலே இருந்து கேட்டாள்.

"என்னங்க, நின்னுட்டீங்க?"

"டவுன பாக்கிறேன்."

"இருபது வருஷமா பாக்காத டவுனா?"

நான் டவுனைப் பார்த்ததும் உண்மைதான். அங்கிருந்து பார்த்தால் மலைகளுக்கு நடுவே, வாவிக்கு மேல், பழுப்பாக ஒரு படலம் கிடக்கும். பனி என்று நினைத்திருந்தேன். பனி வெயிலில் கரைந்துவிடும். இது பத்து மணிக்கும் அப்படியே கிடந்தது.

என் அப்பா நாவலப்பிட்டிப் பக்கம் தேயிலைத் தொழிற்சாலையில் தூள் சலிக்கும் இடத்தில் நின்றவர். கடைசிக் காலத்தில் மூச்சு முட்டி அவரால் படுக்க முடியவில்லை. கதிரையில் உட்கார்ந்தபடியே தூங்கினார். எனக்கு இருமல் வரும்போதெல்லாம் அந்தக் கதிரைதான் கண்ணுக்கு முன்னால் வந்தது. யாரிடமும் சொல்லவில்லை.

அப்போதுதான் காற்றை அளக்கிறவர்கள் வந்தார்கள். டவுனில் புகைக்குள் வேலை செய்கிற ஆட்களைத் தேடி வந்ததாகச் சொன்னார்கள். ட்ராபிக் பொலிஸ்காரர், பஸ் ஸ்டாண்டில் நேரம் எழுதுகிறவர், பழம் விற்கிறவர், பிறகு நான். எங்கள் இடத்துக்கு வந்தது யாழ்ப்பாணத்துப் பிள்ளை. பல்கலைக்கழகத்தில் படிக்கிறாள். நான் மிஸ் என்று கூப்பிட்டேன்.

"ஒரு நாள் முழுக்க நீங்கள் இழுக்கிற காத்தில என்ன இருக்கெண்டு பாப்பம், ஐயா. பின்னேரம் ஊதச் சொல்லி நுரையீரலையும் பாப்பம்."

"நெஞ்சு சரியில்லன்னா?"

"டொக்டரிட்ட அனுப்புவம்."

"வேலை?"

"அதை நாங்கள் தீர்மானிக்கிறேல்ல, ஐயா."

டெஸ்டில் தவறிய வண்டிக்கு என்ன நடக்கும் என்று எனக்குத் தெரியாதா?

மனைவிக்கு இழுப்பு உண்டு. கிளினிக்கில் கொடுத்த நீல நிற இன்ஹேலரை அலுமாரியில் வைத்திருப்பாள். இரண்டு தடவை இழுத்தால் அவளுக்குக் கொஞ்ச நேரத்தில் மூச்சு லேசாகிவிடும். அடுத்த நாள் காலையில் அதை எடுத்துக் காற்சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டேன்.

மிஸ் என் இடுப்பில் ஒரு சின்னப் பெட்டியைக் கட்டினாள். அதிலிருந்து ஒரு குழாய் சட்டைக் கொலர்வரை வந்தது. மூக்குக்குப் பக்கத்துக் காற்றை அது இழுக்கும். உள்ளே பெரிய காசு அளவில் ஒரு வெள்ளைத் தாள். வருகிற தூசி அந்தத் தாளில் படியும்.

தெல்தெனியவில் இருந்து வந்த ஒரு லொறிக்காரர் என் இடுப்பைப் பார்த்துச் சிரித்தார்.

"என்ன அண்ணே, ஒங்களுக்கும் பொகை டெஸ்டா?"

"ஆமா."

"பாஸாயிருவீங்களா?"

பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். நான் கம்பியைச் செருகினேன். என் கை பைக்குள் இருந்ததைத் தொட்டுப் பார்த்துக்கொண்டது.

பின்னேரம் மிஸ் வருவதற்குக் கொஞ்சம் முன்னால் கக்கூசுக்குள் போனேன். நாலு தடவை இழுத்தேன். நெஞ்சு திறந்தது. பல மாதங்களாக அப்படி ஒரு மூச்சு வந்ததில்லை. சந்தோஷம் வரவில்லை, பயம்தான் கூடியது. அந்த மருந்து எனக்கு வேலை செய்கிறது என்றால் எனக்கும் நெஞ்சு வருத்தம் இருக்கிறது என்றுதானே அர்த்தம்.

"கை நடுங்குது, ஐயா. பயமோ?" என்று கேட்டாள் மிஸ்.

"ஆமா மிஸ்."

"இண்டைக்கு ஏதும் மருந்து எடுத்தனீங்களோ?"

"இல்ல மிஸ்."

மூக்கில் கிளிப் போட்டாள். வாயில் அட்டைக் குழாய். "ஊதுங்கோ, ஊதுங்கோ, விடாதேங்கோ." மூன்று தடவை ஊதினேன். திரையைப் பார்த்துத் தலையாட்டினாள். நல்லா இருக்கு என்றாள்.

பிறகு பெட்டியைத் திறந்து சின்ன இடுக்கியால் தாளை எடுத்தாள். வெளிச்சத்துக்குப் பிடித்தாள். தாள் கறுப்பு. சாம்பல் நிறம்கூட இல்லை, கறுப்பு. என் கை தினமும் கறுக்கும், சவர்க்காரம் போட்டால் போய்விடும். இது என் மூக்குக்குப் பக்கத்தில் இருந்த தாள். ஒரே நாள்.

"இவ்வளவு கறுப்பு வேற ஒருத்தரிட்டயும் வரேல்ல, ஐயா. ஆனா உங்கட மூச்சு நல்லாக் கிடக்கு. எப்பிடியெண்டு எனக்கு விளங்கேல்ல."

அதையும் எழுதிக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து மனைவி இன்ஹேலரைக் கையில் வைத்துக்கொண்டு வந்தாள். அதன் பின்பக்கத்தில், மீதி எத்தனை என்று எண் காட்டும்.

"இதுல நாலு கொறையுது. நான் எடுக்கல. பூனை எடுத்துச்சா?"

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன், படியில் நிற்பதையும். அவள் ஏசவில்லை. பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"லொறிக்காரன் பம்ப இறுக்கிறான். நீங்க நெஞ்ச இளக்கிட்டு வந்திருக்கீங்க."

"வேலை போயிரும்."

"வேற வேலை பாக்கலாம்."

"எனக்கு வேற என்ன தெரியும்?"

அவள் இன்ஹேலரைக் கையில் உருட்டினாள்.

"சனிக்கிழமை அந்தப் புள்ளய பாக்கப் போறோம். நீங்க சொல்லலன்னா நான் சொல்லுவேன்."

போனோம். மிஸ் இருந்த அறையில் ஒரு சிங்கள டொக்டர் அம்மாவும் இருந்தார். நான் சொல்லி முடித்ததும் மிஸ் என்னைப் பார்க்காமல் மேசையைப் பார்த்தாள். கோபமோ என்று நினைத்தேன். பிறகு மெதுவாகச் சொன்னாள்.

"நல்ல காலம் வந்து சொன்னீங்கள், ஐயா. இல்லாட்டி புகை உங்கள ஒண்டும் செய்யேல்லயெண்டு எழுதியிருப்பன்."

அந்தக் கணக்கை நம்பி, விசிலோடு சந்தியில் நிற்கிற பொலிஸ்காரரையும் ஒன்றும் செய்யாது என்று யாரோ சொல்லியிருப்பார்கள். அது எனக்கு அதுவரை தோன்றவே இல்லை.

மருந்து இல்லாமல் மறுபடி ஊதினேன். அன்று திரையில் மேலே போன கோடு இன்று பாதியில் தொய்ந்தது. இரண்டு பேரும் இங்கிலீஷில் பேசினார்கள். மனைவி என் முகத்தையே பார்த்தாள். எனக்கு ஒரு சொல்லும் புரியவில்லை. புரியாதது இன்னும் பயமாக இருந்தது.

டொக்டர் எனக்கு மருந்தை இழுக்கக் கொடுத்துவிட்டு, கால் மணி நேரம் உட்காரச் சொன்னார். திரும்ப ஊத வேண்டும். மருந்துக்கு நெஞ்சு திறந்தால் ஒரு வகை வருத்தம், திறக்காவிட்டால் அது வேறு வகை என்று மிஸ் சொன்னாள். வேறு வகை என்றால் என்ன என்று நான் கேட்கவில்லை. மனைவியும் கேட்கவில்லை. பையை மடியில் வைத்து இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தாள். சுவரில் மணிக்கூடு. அந்தக் கால் மணி நேரம் மாதிரி ஒன்று என் வாழ்க்கையில் வந்ததில்லை.

ஊதினேன். கோடு மேலே போனது. பாதிக்கு மேல் போனது.

டொக்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "மருந்துக்குத் தொறக்குது. அது நல்லம். எப்பவும் இப்படி தொறக்காது. அந்தப் பொகைக் கொழாய்கிட்ட நிக்க வாணாம்."

"எவ்வளவு காலம் தொறக்கும், டொக்டர்?"

"தெரியாது."

ஒரு கடிதம் கொடுத்தார்.

திங்கட்கிழமை அதை வேலையிடத்துப் பெரியவரிடம் கொடுத்தேன். அவர் படித்தார். திருப்பி ஒரு தடவை படித்தார். அப்படியென்றால் கம்பி யார் போடுவது என்று சிங்களத்தில் கேட்டார். கோபமாகக் கேட்கவில்லை. உண்மையிலேயே யோசித்துத்தான் கேட்டார்.

வெளியே ஒரு லொறி வந்து நின்றது. எஞ்சின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஹோர்ன் அடித்தார். கம்பி அதன் கொக்கியில் தொங்கியது, எட்டி எடுக்கிற தூரத்தில்.

கேட்டில் நிற்கிறேன், வண்டிகளை வரிசையில் விடுகிறேன், நிலத்தைக் கழுவுகிறேன் என்று சொன்னேன். கம்பி மட்டும் முடியாது என்றேன். என் சத்தம் எனக்கே கேட்கவில்லை. சரி என்றும் அவர் சொல்லவில்லை, போ என்றும் சொல்லவில்லை.

ஹோர்ன் திரும்பவும் அடித்தது. பதினொரு வருடத்துப் பழக்கத்தில் என் கால் தானாக ஒரு அடி வைத்தது. நிறுத்திக்கொண்டேன். அப்படியே நின்றேன்.